கூடத்துக்கு ஒரு கொதிகலன்

ஆஸ்திரியாவில் விறகுக் கொதிகலன் பெரும்பாலும் நிலவறையில்தான் இருக்கும். அதன் அழகைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. விறகு போட இறங்குவார்கள், சாம்பலை அள்ளிக்கொண்டு ஏறுவார்கள். க்முண்டனுக்குப் பக்கத்தில் என் நண்பர் வாங்கிய பழைய வீட்டில் நிலவறையே கிடையாது. கொதிகலன் கூடத்தில்தான் நின்றாக வேண்டும். "நிற்கட்டும், ஆனால் பார்க்க லட்சணமாக இருக்கணும்" என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். கடைகளில் இருந்த எஃகு மாடல் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

கடைசியில் ஹாஃப்னரை வரவழைத்தார்கள். அங்கே கணப்பு கட்டுபவருக்கு அந்தப் பெயர். அவர்கள் கட்டும் காஹெல்ஓஃபன், வெளியே மெருகேற்றிய ஓடும் உள்ளே ஃபயர் பிரிக்குமாக ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். சால்ஸ்பர்க் கோட்டையின் பொன்னறையில் 1501-ஆம் ஆண்டுக் கணப்பு ஒன்று இன்றும் இருக்கிறது. இந்த வகைக் கணப்பில் புகை நேராகப் புகைபோக்கிக்குப் போகாது. செங்கல் வழிகளில் வளைந்து வளைந்து போய்ச் சூட்டையெல்லாம் கல்லுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறும். காலையில் ஒரு தடவை எரித்தால் அரை நாளுக்கு வெதுவெதுப்பு நிற்கும். அதற்குள்ளேயே ஒரு நீர்த்தொட்டியைப் பொருத்தினால் கொதிகலனும் ஆகிவிடும்.

சொல்வது எளிது. ஹாஃப்னர் ஒரு பலகையில் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். நன்கு காய்ந்த விறகு கிலோவுக்கு 4 யூனிட் வெப்பம் தரும். 15 கிலோ எரித்தால் 60. புகையோடு போனது போக 48 மிஞ்சும். அதில் பாதி தண்ணீருக்கு என்றால், 1,000 லிட்டர் சேமிப்புத் தொட்டியைச் சுமார் 20 டிகிரி உயர்த்தலாம். மீதிப் பாதி கூடத்தில் இறங்கும். "நல்லாக் காப்பிட்ட வீட்டில் இவ்வளவு சூடு கூடத்தில் இறங்கினா, ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்து வைக்கணும்" என்றார். தண்ணீருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் ஓடு சூடேறாது. அப்புறம் அதன்மேல் முதுகு சாய்த்து உட்கார என்ன இருக்கிறது? நண்பரின் மனைவி கேட்ட பெரிய கண்ணாடிக் கதவும் வம்புதான்: கண்ணாடி வழியாகச் சூடு அப்போதைக்கப்போதே அறைக்குள் கொட்டும். லட்சணம் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் இந்தப் பங்கீட்டில்தான் வந்து நின்றது. எனக்கு அது சரியாகவே பட்டது.

ஓடு பதிப்பதை ஒரு பகல் முழுக்கப் பார்த்தேன். தொழில் பழகும் இளம்பெண் பச்சை ஓடுகளைத் தரையில் பரப்பி, நிறம் ஏறி இறங்குவதைப் பார்த்து இடம் மாற்றிக்கொண்டே இருந்தாள். ஒரே சூளையில் வெந்தாலும் இரண்டு ஓடு ஒரே பச்சையாக இருப்பதில்லை. ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டினாள், நம்மூர்ச் சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டுவதுபோல. ஒலி மங்கியது தனியே போனது. ஓட்டின் பின்புறம் பெட்டிபோல விளிம்பு உண்டு. அந்தக் குழிக்குள் களிமண் சாந்தையும் செங்கல் துண்டுகளையும் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பினாள். பக்கத்து ஓட்டோடு கம்பிக் கவ்வி போட்டு இணைத்தாள். "சிமென்ட் ஏன் இல்லை?" என்றேன். "சூட்டில் அது வெடிச்சிடும். களிமண் கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். நாற்பது வருஷம் கழிச்சுப் பிரிச்சாலும் ஓடு முழுசா வரும்" என்றார் ஹாஃப்னர் பெரியவர், திரும்பிப் பார்க்காமலே.

தண்ணீர் சேர்ந்தால் பயமும் சேரும். மின்சாரம் போனால் பம்பு நிற்கும், நெருப்பு நிற்காது. அதற்காக ஒரு வால்வு: தண்ணீர் 95 டிகிரியைத் தொட்டதும் தானே திறந்து, குழாய்த் தண்ணீரை ஒரு சுருளுக்குள் ஓடவிட்டுச் சூட்டை வெளியே கொண்டுபோகும். மின்சாரமே வேண்டாம். திரும்பி வரும் தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருந்தாலும் ஆகாது. கணப்புக்குள் இருக்கும் தொட்டிச் சுவரில் கீல் படியும். அதனால் 60 டிகிரிக்குக் குறையாமல் கலந்து அனுப்ப இன்னொரு வால்வு. இத்தனையையும் ஓட்டுக்குப் பின்னால் மறைத்து, பழுது பார்க்கக் கை போகும் வழியும் விட வேண்டும். சின்னக் கதவு ஒன்று, அதே பச்சையில்.

பெரிய கண்ணாடி கைவிடப்பட்டது. கணப்பைச் சுற்றி உட்காரும் திண்ணை மட்டும் நண்பரின் மனைவி கேட்டபடியே வந்தது. கட்டி முடித்த அன்றே தீ மூட்டிப் பார்க்க அவருக்கு ஆசை. களிமண்ணின் ஈரம் மெல்ல வெளியேற வேண்டும், சில நாளைக்குச் சுள்ளி நெருப்புதான், அதற்கும் முன்னால் புகைபோக்கி ஆய்வாளர் வந்து ஒப்புதல் தர வேண்டும் என்று பெரியவர் மறுத்துவிட்டார். அதுவரை அறைக்கு என்ன வழி என்று கேட்டதற்கு, தன் வண்டியிலிருந்து ஒரு மின்சார ஹீட்டரை எடுத்து வந்து வைத்துவிட்டுப் போனார்.