பிஞ்சிலே புறப்பட்ட சிப்பாய்கள்

போன ஐப்பசியில் நடந்தது. என் ஆறு வயது மகனுக்கு மூன்று நாளாக ஜுரம், இருமல். டாக்டரம்மா ரத்தம் பரிசோதிக்கச் சொன்னார். சாயங்காலம் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. வெள்ளை அணுக்கள் 19,000. கூடவே, 'முதிராத அணுக்கள் அதிகம்' என்று ஒரு வரி. ரத்தப் புற்றுநோய் என்றால் இப்படித்தான் எழுதுவார்கள் என்று எப்போதோ யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ரிப்போர்ட்டை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்துவிட்டு, ராத்திரி முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

காலையில் டாக்டரம்மா அவன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "நிமோனியா. மூச்சு எப்படி இரைக்குது பாருங்க! நேத்தே வந்திருக்க வேண்டாமா?" என்று கடிந்துகொண்டார். நான் பயத்தைச் சொன்னதும், மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார்.

வெள்ளை அணுக்களுக்குப் பிறந்த வீடு எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. அவற்றில் நியூட்ரோபில் என்பவை கிருமியோடு முதலில் மல்லுக்கு நிற்பவை. இளசாக இருக்கும்போது உட்கரு உருண்டை. பிறகு அவரை விதை போல ஒரு பக்கம் குழிந்து, லாடம் போல வளைந்து, கடைசியில் 3 முதல் 5 மணிகளைக் கோத்தது போல ஆகிவிடும். இதற்குச் சுமார் 10 முதல் 14 நாள். பெரியவர்கள் உடம்பில் தினமும் ஏறக்குறைய 10,000 கோடி இப்படித் தயாராகின்றனவாம்!

"கிருமி பலமா தாக்கினா, லாடப் பருவத்துப் பிஞ்சுகளையும் மஜ்ஜை சண்டைக்கு அனுப்பிடும். உங்க பிள்ளை ரத்தத்துல இருக்கிறது அதுதான். நீங்க பயந்த வியாதியில, அணுக்கள் முதல் பருவத்தைத் தாண்டாமலே பெருகிக்கிட்டுப் போகும். மைக்ராஸ்கோப்புல பார்த்தா வித்தியாசம் தெரியும்மா."

மருந்தைச் சொன்ன நாள்வரை விடாமல் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது எண்ணிக்கை 8,400. பிஞ்சுகளைக் காணோம்.

சகோதரிகளே, அவன் உடம்பு ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் போராடிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரியை வீணாக்கியவள் நான்தான். ரிப்போர்ட்டில் ஒரு வரி புரியவில்லையா? அரிசி டின்னுக்கு அடியில் வைக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.