விடுமுறையும் பிறையும்

ஆண்டு எப்போது பிறக்கிறது என்று எங்கள் வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைக்கும். கடைக் கணக்கு எழுதும் வாப்பாவுக்கு ஏப்ரல் முதல் தேதி. பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் சிறிது நிலம் பார்க்கும் பெரிய மாமாவுக்கு, பாபநாசம் அணையிலிருந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதம். எனக்கும் ஜூன்தான், ஆனால் அது கல்லூரி திறக்கும் மாதம் என்பதால். பாட்டனார் விட்டுச் சென்ற தகரப் பெட்டியிலுள்ள பழைய பத்திரங்களோ கொல்லம் ஆண்டைப் பேசுகின்றன. கி.பி. 825இல் தொடங்கும் அந்தக் கணக்கில் திருநெல்வேலிச் சீமைக்கு ஆண்டு பிறப்பது ஆவணியில். உம்மாவைப் பெற்ற உம்மம்மாவுக்கு மட்டும் முஹர்ரம்.

மற்ற ஆண்டுகள் எல்லாம் ஆரவாரத்தோடு வருகின்றன. உம்மம்மாவின் ஆண்டு மஃரிபு நேரத்தில் சத்தமின்றிப் பிறந்துவிடுகிறது. ஹிஜ்ரி 1447 பிறந்தது 2025 ஜூன் 27, வெள்ளிக்கிழமை. மேலப்பாளையத்தில் யாரும் யாருக்கும் வாழ்த்துச் சொல்லவில்லை. நாளும் அப்படித்தான், மாலையிலேயே தொடங்கிவிடும். ஊரார் வியாழக்கிழமை இரவு என்று சொல்வது நமக்கு வெள்ளி இரவு. உடன் படிக்கும் தோழியருக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் வெள்ளியே விடிந்துவிடும்.

மாணவர்க்கு ஆண்டு என்பது பெரும்பாலும் விடுமுறைப் பட்டியல்தான். ஜனவரியில் அதைப் பார்த்ததும் நம் கண்கள் முதலில் தேடுவது நான்கு நாட்களை: நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், முஹர்ரம், மீலாது நபி. 2025இல் அவை முறையே மார்ச் 31 திங்கள், ஜூன் 7 சனி, ஜூலை 6 ஞாயிறு, செப்டம்பர் 5 வெள்ளி. முஹர்ரம் விடுமுறையை ஞாயிறு விழுங்கிவிட்டது. முஹர்ரம் என்று பெயர் இருப்பினும் அவ்விடுமுறை ஆண்டின் முதல் நாளுக்கன்று, பத்தாம் நாளாகிய ஆஷுராவுக்கு. பட்டியலில் அச்சான தேதி வேறு, பிறை காட்டும் தேதி வேறு என்று ஆகிவிடுவதும் உண்டு. இருபத்தொன்பதாம் நாள் மாலையில் மாடியேறி மேற்கே பார்த்து நிற்பவர்க்கே நாளைய விடுமுறை உறுதியாகும். (பெண்களுக்குப் பெருநாள் விடுமுறை ஏது என்று உம்மா கேட்பார். பிறை கண்டதாக அறிவிப்பு வந்த மறுகணம் அடுப்பு மூட்டப்படும் வீட்டில் அக்கேள்விக்கு மறுமொழி கிடையாது.)

நான் பாளையங்கோட்டையில் இளங்கலை வகுப்பில் சேர்ந்தது 2018ஆம் ஆண்டு. அவ்வாண்டு நோன்புப் பெருநாள் ஜூன் 16. நோன்பு முழுவதும் கோடை விடுமுறைக்குள் அடங்கியிருந்தது. கத்திரி வெயிலில் நாவறண்டாலும் வீட்டு நிழலில் குர்ஆன் ஓதிக்கொண்டு கழித்த மாதம் அது. நோன்பென்றால் விடுமுறை, விடுமுறையென்றால் நோன்பு என்று அன்றைய என் மனத்தில் இரண்டும் ஒன்றாகவே பதிந்திருந்தன. 2020இல் நோன்பு ஏப்ரல் இறுதியில் வந்தது. ஊரடங்கில் தெருக்கள் அடைபட்டிருந்தன. பள்ளிவாசல் கஞ்சி இல்லை, பள்ளியில் தராவீஹ் இல்லை. வாப்பா கூடத்தில் இமாமாக நிற்க, வீட்டார் அனைவரும் ஒரே ஜமாஅத்தாகத் தொழுதோம். துயரமான அக்காலத்தின் இந்த ஒரு நினைவை மட்டும் நான் துயரம் என்று எழுத மாட்டேன். 2022, 2023ஆம் ஆண்டுகளில் நோன்பு ஏப்ரல் தேர்வுகளை எட்டிப் பிடித்தது. 2025இல் மார்ச் 2ஆம் தேதியே தொடங்கி வகுப்பு நாட்களின் நடுவே அமர்ந்துகொண்டது. நூலகத்திலிருந்து திரும்பும் பேருந்திலேயே பொழுது சாய்ந்துவிடும் நாட்கள் வந்தன. பையில் மூன்று பேரீச்சம்பழம், ஒரு புட்டித் தண்ணீர். பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் அறியாத அம்மையார் ஒருநாள், பாங்கு நேரம் ஆகிவிட்டதா என்று கைப்பேசியில் தாமே பார்த்துச் சொன்னார்.

மாதம் தன் இடத்திலேயே இருந்தது. என் ஆண்டுதான் அதன் குறுக்கே ஓடியது என்று சொன்னாலும் தவறில்லை. சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாட்களைக் கொண்டது. சூரிய ஆண்டைவிடப் பத்து, பதினொரு நாட்கள் குறைவு. ஆகவே ஒவ்வொரு மாதமும் பருவங்களினூடே பின்னோக்கி நடந்து, ஏறத்தாழ முப்பத்து மூன்று ஹிஜ்ரி ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. இதைத் தடுத்து நிறுத்த வழி தெரியாமலில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பதின்மூன்றாவது மாதமொன்றைச் செருகினால் போதும். யூதர்களின் நாட்காட்டி அப்படித்தான் பருவத்தோடு ஒட்டி நிற்கிறது. இஸ்லாத்துக்கு முந்திய அரபியரும் மாதங்களைத் தம் வசதிக்கேற்பத் தள்ளிவைத்தனர். திருக்குர்ஆன் தவ்பா அத்தியாயத்தில் அவ்வழக்கத்தைக் கடிந்து, மாதங்கள் பன்னிரண்டே என்று வரையறுத்தது. உலகின் எல்லாத் திசையினரும் குளிரிலும் வெயிலிலும் மாறி மாறி நோன்பு நோற்கவேண்டும் என்பதே இதன் நுட்பம் என்று பெரியோர் சொல்வர். அது சரியே. ஆனால் அதன் இன்னொரு பயனை நான் எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

பாட்டனார் மறைந்தது ஹிஜ்ரி 1436 ரஜப் பிறை பதினான்கில். ஆங்கிலக் கணக்கில் அது 2015 மே மாதத் தொடக்கம். பேரப்பிள்ளைகள் எல்லோரும் விடுமுறைக்கு வந்திருந்த நேரம். அடுத்த சில ஆண்டுகளில் ஆண்டுப் பாத்திஹாவுக்கு வீடு நிறைந்தது. பிறகு அந்நாள் ஏப்ரலுக்கும் மார்ச்சுக்கும் பிப்ரவரிக்கும் நகர, வருவோர் குறைந்தனர். ஒருவருக்குத் தேர்வு, ஒருவருக்கு அலுவலகத்தில் ஆண்டிறுதி வேலை. 2025இல் அது பொங்கல் விடுமுறைக்குள் வந்து வாய்த்ததால் அனைவரும் கூடினோம். சென்னையிலிருந்து வந்த சின்ன மாமா அன்றுதான் பேச்சை எடுத்தார்: இனி ஆண்டுதோறும் மே மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நிலையாக வைத்துக்கொண்டால் என்ன? பாத்திஹா ஓதலாமா கூடாதா என்ற விவாதம் நம்மவரிடையே ஓயாத ஒன்று. அது எங்கள் வீட்டிலும் உண்டு. அன்றைய கேள்வி அதுவன்று. சின்ன மாமா சொன்ன காரணம் எளிதில் தள்ளத்தக்கதுமன்று. பிள்ளைகள் ஒன்றுகூடாவிட்டால் பாட்டனாரின் பெயரையே மறந்துவிடுவார்கள் என்றார்.

உம்மம்மா குரலை உயர்த்தவில்லை. “கூடுறதுக்கு மே மாசம் கூடுங்க வாப்பா, நான் வேண்டாங்கல. அவுக மௌத்தானது ரஜபு பதினாலு. ஓதுறது அன்னைக்குத்தான்.”

அப்படியே முடிவாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் இருபது பேருக்கு மேல் கூடி உண்டோம். உம்மம்மா மகிழ்ச்சியோடு பரிமாறினார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த பெயர் விருந்து என்பதே. எனக்கும் அவர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. மேயில் நிலைத்துவிட்ட ஒரு நாள், காலப்போக்கில் மாம்பழத்தின் நாளாகவும் குற்றாலப் பயணத்தின் நாளாகவும் மாறிவிடும். ரஜபு பதினான்கோ ஓர் ஆண்டு பிசான வயல் பச்சையாயிருக்கையில் வரும், ஓர் ஆண்டு மழைக்குள் வரும், ஓர் ஆண்டு யாருக்கும் நேரமில்லாத புதன்கிழமையில் வரும். எந்தப் பருவத்தோடும் அது ஒட்டிக்கொள்வதில்லை. மறைந்த மனிதரோடு மட்டுமே ஒட்டி நிற்கிறது.

என் ஆய்வு இஸ்லாமியத் தமிழ் நூல்களின் காலவரையறை பற்றியது. ஆகவே ஒரு கணக்கிலிருந்து மறுகணக்குக்கு மாற்றுவது எனக்கு அன்றாட வேலை. வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலாவுக்கு 1572 என்று ஆண்டு எழுதும்போதும், அது ஹிஜ்ரி 979இன் பிற்பகுதியா 980இன் முற்பகுதியா என்று மனம் கேட்கும். ஒரு கிறிஸ்தவ ஆண்டுக்குள் பெரும்பாலும் இரண்டு ஹிஜ்ரி ஆண்டுகள் தலைகாட்டுவதால் வரும் சிக்கல் இது. பாளையங்கோட்டையில் 1971இல் தொடங்கிய கல்லூரிக்குப் பெயராய் நிற்கும் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கியிருக்கும் அப்பெரியாரின் வாழ்வு 1632 முதல் 1703 வரை என்றால் எழுபத்தொன்று. ஹிஜ்ரி 1042 முதல் 1115 வரை என்றால் எழுபத்து மூன்று. ஒரே வாழ்வு, இரண்டு நீளம். இரண்டும் மெய்.

இந்தப் பயிற்சியை வீட்டிலும் ஒருமுறை பயன்படுத்திப் பார்த்தேன். உம்மம்மாவின் ஆதார் அட்டையில் பிறந்த நாள் 1950 ஜனவரி முதல் தேதி. பிறந்த நாள் தெரியாதவர் பலருக்கு அலுவலகங்களில் வழங்கப்படும் பொதுநாள் அது. உம்மம்மாவோ தமக்கு எண்பத்தைந்து என்று சாதித்தார். அட்டையின்படி எழுபத்தைந்து. பத்தாண்டு எங்கே போயிற்று? தம் தாயார் சொல்லக் கேட்டதாக அவரிடம் இருந்த செய்தி ஒன்றே ஒன்று: நோன்பு ஒன்பதில் பிறந்தவர், அப்போது புரட்டாசியில் கார் அறுப்பு நடந்துகொண்டிருந்தது, பர்மா அரிசி வராமற்போன காலம்.

நோன்பு ஒன்பது என்பது மட்டும் தெரிந்தால் ஆண்டு தெரியாது. புரட்டாசி என்பது மட்டும் தெரிந்தாலும் தெரியாது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடம் முப்பத்து மூன்று ஆண்டுகளில் இரண்டு, மூன்று முறைதான் வரும். அக்காலப் பகுதியில் ரமளான் 1941, 1942, 1943 ஆகிய மூன்று ஆண்டுகளில் செப்டம்பரில் தொடங்கியது. ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச்சில். அரிசி வரத்து நின்றது அதன் பின்னர். ஆகவே 1941 கழிந்தது. 1943இல் ரமளான் ஒன்பது ஆவணியிலேயே வந்துவிட்டது. எஞ்சியது 1942 செப்டம்பர் 20ஆம் தேதியை ஒட்டிய நாள், புரட்டாசி நான்கு. ஹிஜ்ரி 1361. 2025ஆம் ஆண்டின் நோன்பு ஒன்பதில் அவருக்கு ஹிஜ்ரிக் கணக்கில் எண்பத்தைந்து நிறைந்திருந்தது. அவர் சாதித்த எண் ஒரு மாதம்கூடப் பிசகவில்லை. இதை நான் ஏதோ பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னபோது, “அதத்தானே நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்” என்று வெற்றிலையை மடித்தார்.

அவருடைய மாதங்களுக்குத் தனிப் பெயர்கள் உண்டு. ரபீவுல் அவ்வல் மௌலிது மாதம், அடுத்தது முஹையத்தீன் ஆண்டவர் மாதம், ஜமாதுல் ஆகிர் காதர் வலி மாதம். தாமிரபரணியின் பெருவெள்ளங்களும் அவருக்கு அப்பெயர்களிலேயே நினைவிருக்கின்றன. 1992 நவம்பர் வெள்ளம் முஹையத்தீன் ஆண்டவர் மாதம் கழிந்த மறுமாதத்தின் நடுவில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023 டிசம்பர் வெள்ளம், நாகூரில் கொடியேறி மூன்றாம் நாள், காதர் வலி மாதப் பிறப்பில். நமக்கு முப்பத்தோராண்டு இடைவெளி கொண்ட இரு நிகழ்ச்சிகள். அவர் மனத்தில் அடுத்தடுத்த இரு மாதங்களின் வெள்ளங்கள். கைப்பேசியைத் தட்டினால் இன்று என்ன பிறை என்று எனக்கும் தெரியும். ஆனால் ரஜபு என்று கேட்டவுடன் ஒரு முகமும் ஒரு வாசலும் எழுந்து வருவது எனக்கு அந்த ஒரு பதினான்காம் நாளில் மட்டுந்தான். அவருக்குப் பன்னிரண்டு மாதமும் அப்படி.

நோன்பும் புரட்டாசிக் கார் அறுப்பும் சந்திக்கும் காலத்தை உம்மம்மா பிறந்தபின் இரண்டு முறை கண்டிருக்கிறார்: 1974ஐ ஒட்டி ஒருமுறை, 2006, 2007இல் மறுமுறை. அடுத்தது எப்போது என்று தாளில் போட்டுப் பார்த்தேன். 2039 செப்டம்பர், ஹிஜ்ரி 1461. பிறை ஒன்பது புரட்டாசி பத்து, பதினொன்றில் வரும். ஹிஜ்ரிக் கணக்கில் அன்று அவருக்குச் சரியாக நூறு நிறையும். இன்ஷா அல்லாஹ் என்று சேர்த்து இதை அவரிடம் சொன்னேன். நூறு என்ற எண் அவரைச் சற்றும் அசைக்கவில்லை. விரல் கணுக்களில் ஏதோ எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அந்த வருசம் காருக்குத் தண்ணி தொறந்து விடுவாகளா?”

பெரிய மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அணையில் நீரில்லாமல் கார் பொய்த்த ஆண்டுகளைக் கண்டவர் அவர். வருகிற ஜூனுக்கே விடை தெரியாமல் மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.