பிறகு படிக்கலாம்

நல்ல கட்டுரை கண்ணில் படும் நேரம் பெரும்பாலும் படிக்க முடியாத நேரமாகத்தான் இருக்கும். பஸ் வந்துவிடும், இல்லையென்றால் வகுப்பு தொடங்கிவிடும். அதற்காகவே வந்தவை 'பிறகு படிக்க' எடுத்துவைக்கும் செயலிகள். ஒரு தட்டு தட்டினால் போதும், விளம்பரம், குதித்து வரும் பெட்டிகள் எல்லாம் போய் எழுத்து மட்டும் தங்கும். நெட் இல்லாத இடத்திலும் படிக்கலாம். (படிப்பார்களா என்பது வேறு கதை. கொள்முதலை மட்டும் எழுதிவிட்டு, ஆண்டு முடிவில் சரக்கிருப்பே எண்ணாத கடை மாதிரிதான் பலருடைய பட்டியலும்!)

இந்தக் கூட்டத்தில் பெரிய தலை பாக்கெட். 2007ல் நேட் வைனர் என்பவர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கான நீட்சியாக 'ரீட் இட் லேட்டர்' என்று எழுதியது. 2012ல் பாக்கெட் என்று பெயர் மாறியது. 2017ல் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவே வாங்கிவிட்டது. வாங்கியது பெரிய இடம், இனி கவலையில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். 2025 ஜூலை 8ல் இழுத்து மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2024 இறுதியில், ஆம்னிவோர் போய்ச் சேர்ந்தது. அது இலவசம், ஓப்பன் சோர்ஸ் வேறு. என்ன இருந்து என்ன, சர்வர் வாடகையை யாராவது கட்ட வேண்டுமே.

பாக்கெட்டை மூடும்போது, சேமித்ததை எடுத்துக்கொள்ள வழி கொடுத்தார்கள். எடுத்துப் பார்த்தால் ஒரு சிஎஸ்வி கோப்பு. அதில் தலைப்பு, சுட்டி, சேமித்த தேதி, குறிச்சொல் எல்லாம் உண்டு, கட்டுரைதான் இல்லை. லாக்கரில் நகை வைத்தவரிடம் நகைக்கடைகளின் முகவரியை எழுதிக்கொடுத்த மாதிரி.

அந்தக் கடைகளாவது இருக்கின்றனவா? பியூ ஆராய்ச்சி மையம் 2024ல் வெளியிட்ட கணக்குப்படி, 2013ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போயிருந்தன. சொந்த டொமைனில் வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துவிட்டால் ஆண்டுக் கட்டணத்தை யார் கட்டுவது? அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் பல பேருக்குத் தெரியாது. ஒருநாள் அந்த முகவரியில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கும். ஓய்வாகப் படிக்கலாம் என்று ஒதுக்கி வைத்தவர் கையில் வெறும் சுட்டி.

ஆகவே செயலியைத் தேர்ந்தெடுப்பவர் எழுத்துருவையும் பின்னணி நிறத்தையும் பார்ப்பதற்கு முன்னால் வெளியே போகும் கதவைப் பார்ப்பது நல்லது. வாலாபேக் இதில் பரவாயில்லை. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், கட்டுரைகளை முழுதாக ஈபப், பிடிஎஃப் கோப்புகளாக எடுக்கலாம். ஆனால் சர்வரைக் கட்டி மேய்ப்பது எல்லோருக்கும் ஆகிற வேலையில்லை. அந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு 2008ல் மார்க்கோ ஆர்மென்ட் தொடங்கிய இன்ஸ்டாபேப்பர். பீட்டாவொர்க்ஸ், பின்ட்ரஸ்ட் என்று கைமாறி, 2018ல் மறுபடி தனிக் கம்பெனியாக வெளியே வந்தது. சாதாரணமாகப் படிக்கக் காசு கேட்பதில்லை.

ஆனால் தொலையவே கூடாது என்று நினைக்கும் கட்டுரையை எந்தச் செயலியிடமும் மட்டும் ஒப்படைக்க வேண்டியதில்லை. பிடிஎஃப் ஆக்கி வைப்பவர்கள் உண்டு. தமிழில் அது பல நேரம் காலை வாரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், உள்ளே கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், தேடினால் சிக்காது. சிங்கிள்ஃபைல் என்ற இலவச உலாவி நீட்சி, பக்கத்தைப் படங்களோடு ஒரே எச்டிஎம்எல் கோப்பாக்கிக் கொடுத்துவிடும். யூனிகோடு தமிழ் அப்படியே இருக்கும், தேடினாலும் கிடைக்கும். வைத்துக்கொள்ள ஒரு பென் டிரைவ் போதும்.