யாரு வீட்டுப் பிள்ளை?

நம் ஊர் சர்ச் வாசல்களை கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஒரு போர்டு இருக்கும். ஞாயிறு ஆராதனை எட்டரை மணி, ஞாயிறு பள்ளி ஏழரை மணி, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். எல்லாவற்றுக்கும் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், 'அனைவரும் வருக!' ஆச்சரியக்குறியோடு.

'அனைவரும்' - ஐந்தே எழுத்து. பெயின்டருக்கு ஐந்து நிமிஷ வேலை. அதை நடத்திக் காட்டத்தான் சில ஊர்களில் நூறு, இருநூறு வருஷம் ஆகிவிடுகிறது.

உதாரணம் வேண்டுமா? திருநெல்வேலி மாவட்டத்தில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். 1745-ல் அங்கேதான் திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார். உயர்ந்த சாதி, ராஜா வீட்டு உத்தியோகம். ஆனால், மனுஷர் எல்லாச் சாதிக்காரர்களோடும் ஒன்றாக உட்கார்ந்தார், பழகினார். அது அந்தக் காலத்துக்குத் தாங்கவில்லை. 1752-ல் ஆரல்வாய்மொழி பக்கத்துக் காட்டாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

சரி, அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அவர் வழியில் போயிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. 19-ம் நூற்றாண்டில் அதே வடக்கன்குளத்தில் ஒரு பெரிய கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று. அங்கிருந்து பேன்ட்டின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு மண்டபங்கள். ஒன்றில் ஒரு சாதி, இன்னொன்றில் மற்றவர்கள். இந்தப் பக்கம் இருப்பவர் கண்ணுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தெரியக் கூடாது. சாமி மட்டும் இருவருக்கும் தெரிந்தால் போதும்! 1910-ஐ ஒட்டி அந்தப் பிரிவினைச் சுவரை இடித்தபோது, 'எங்கள் இடம் எங்களுக்கே வேண்டும்' என்று கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. கேட்டவர்கள் தோற்றார்கள்.

2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் அதே தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவிலிருந்து, சாமியாராகவோ துறவியாகவோ இல்லாத ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் தடவை. அந்த அறிவிப்பில் அவர் பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' இல்லை. அந்த வால் வேண்டாம் என்று பலர் கேட்டு, எடுக்கப்பட்டது. பெயரிலிருந்து ஒரு சாதியை இறக்கி வைக்க எத்தனை காலம் பாருங்கள்.

'பழைய கதையை ஏன் சார் கிளறுறீங்க?' என்கிறீர்களா? புதிய கதையும் ஒன்று இருக்கிறது.

என் அக்கா மகன். பிளஸ் டூ முடித்து காலேஜில் சேர்ந்திருந்த நேரம். சென்னையில் அவர்கள் போகிற சர்ச்சில் வாலிபர் குழுவில் கிடார் வாசிப்பான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேரல் ரவுண்ட்ஸ் போவார்கள். அதாவது, ராத்திரி வீடு வீடாகப் போய் பாட்டுப் பாடி, கேக்கும் காபியும் சாப்பிட்டு, தொண்டை கட்டி விடியற்காலையில் வீடு வந்து சேருகிற ஆனந்தம். அந்த வருஷம் தன் கிளாஸ்மேட் ஒருவனை ப்ராக்டீஸுக்கு அழைத்துப்போனான். பையன் டிரம்ஸில் புலி. இந்துக் குடும்பம். 'அனைவரும் வருக'தானே, வந்தான்.

கமிட்டிப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, சிரித்த முகத்தோடு கேட்டார்: 'யாரு வீட்டுப் பிள்ளைப்பா நீ?'

பையன் அப்பா பெயரைச் சொன்னான்.

'எங்க வீடு?'

'கண்ணகி நகர் அங்கிள்.'

சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது என்றான் அக்கா மகன். அடுத்த வாரம் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, 'தம்பி, கேரல்ஸுக்குப் பெரிய பெரிய வீட்டுக்கெல்லாம் போறோம். நம்ம பிள்ளைங்க மட்டும் போதும், என்ன?' என்று தோளில் தட்டியிருக்கிறார்.

நம்ம பிள்ளைங்க! கவனியுங்கள். யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை. தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். கண்ணகி நகர்க்காரன் அதன் பிறகு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, கிடாரை உறையில் போட்டுவிட்டு இவனும் போகவில்லை.

அக்கா போனில் ஒரே அழுகை. 'சாமியை விட்டுட்டான்டா. காலேஜ் சேர்ந்து கெட்டுப்போயிட்டான். நீ வந்து பேசு.'

போனேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசினோம். அவன் சொன்னது ஒரே வாக்கியம்தான். 'மாமா, எனக்கு சாமியோட சண்டை இல்ல. அந்த போர்டோடதான் சண்டை.'

பிள்ளைகள் ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று பெரியவர்கள் கூடிக்கூடி கவலைப்படுகிறார்கள். செல்போன், சினிமா, கெட்ட சகவாசம் என்று பட்டியல் போடுகிறார்கள். அதெல்லாம் இருக்கலாம். ஆனால், நாம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை அவன் நிஜமாகவே நம்பிவிட்டான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் இல்லையா? இயேசு எல்லோரோடும் சாப்பிட்டார் என்று ஆறு வயதிலிருந்து படம் வரைந்து கலர் அடித்த பையன் அவன். அதை வாசலில் தேடினான், காணோம்.

ஞாயிறு பள்ளி என்றதும் ஞாபகம் வருகிறது. இன்று அது பைபிள் கதையும் வசனமும் கற்றுக்கொடுக்கிற இடம். அது பரவக் காரணமாக இருந்தவர் பாதிரியார் இல்லை; ஒரு பத்திரிகைக்காரர். இங்கிலாந்தின் க்ளஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ். 1780-ல், வாரத்தில் ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஏழாவது நாள் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆக, ஞாயிறு பள்ளியின் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர்களே கண்ணகி நகர்ப் பிள்ளைகள்தான்.

இன்னொரு கதை. 1841 டிசம்பர் 8. இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒரு கோயில். பூசைக்கு உதவி செய்ய ஆள் இல்லை. ஓரமாகக் குளிருக்கு ஒதுங்கியிருந்த ஒரு பையனை கோயில் பணியாள் கூப்பிடுகிறார். 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்கிறான் பையன். 'தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை?' என்று கையில் இருந்த கம்பால் விளாசித் துரத்துகிறார். பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்த இளம் குரு சத்தம் கேட்டு, 'அவன் என் சிநேகிதன், கூப்பிடுங்கள்' என்கிறார். அதற்கு முன்னால் அவனை அவர் பார்த்ததே இல்லை!

பார்த்தலோமியோ கரெல்லி, 16 வயது. கொத்தனார் வேலை. அப்பா, அம்மா இல்லை. 'படிக்கத் தெரியுமா?' தெரியாது. 'பாடத் தெரியுமா?' தெரியாது. 'விசிலடிக்கவாவது தெரியுமா?' என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டான் என்று சொல்வார்கள். அந்தக் குருதான் டான் பாஸ்கோ. அந்தச் சிரிப்பில் ஆரம்பித்த வேலைதான் பிற்பாடு உலகம் பூராவும் பள்ளிக்கூடங்களாகவும் தொழிற்பயிற்சிக் கூடங்களாகவும் வளர்ந்தது. 1906-ல் அவருடைய சபையினர் இந்தியாவில் முதன்முதலாக வந்து இறங்கியது எங்கே தெரியுமா? நம் தஞ்சாவூரில்.

இந்தக் கதையில் வரிசையை கவனியுங்கள். முதலில் 'சிநேகிதன்', அப்புறம் சிரிப்பு, அதற்கப்புறம்தான் ஜெபம். நாம் என்ன செய்கிறோம்? முதலில் வசனம் ஒப்பிக்கச் சொல்கிறோம். ஒப்பித்தால்தான் பரிசு.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். கமிட்டிப் பெரியவரோடு சண்டை போடத் தயாராக இருந்தேன். அதற்குள் அவனுடைய பழைய ஞாயிறு பள்ளி டீச்சர் முந்திக்கொண்டார். டெலிபோன்ஸில் ரிட்டயரான அம்மா. பிள்ளைகளுக்கு 'ஆன்ட்டி'. விஷயம் தெரிந்ததும் இவனையும் அழைத்துக்கொண்டு நேராகக் கண்ணகி நகர் போயிருக்கிறார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கி, அந்தப் பையனின் அம்மா போட்ட டீயைக் குடித்து, தோசையும் சாப்பிட்டிருக்கிறார். சர்ச் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கிளம்பும்போது பையனிடம், 'மே மாசம் லீவுல சின்னப் பிள்ளைங்களுக்கு வகுப்பு நடத்துறோம். தாளமே வர மாட்டேங்குது. நீ வந்து சொல்லித் தர்றியா?' என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

கமிட்டியில் யாரோ முனகியபோது, 'அவன் என் கிளாஸ் மாஸ்டர். அவன் வரலைன்னா நானும் வரலை' என்றாராம். முனகல் நின்றது. மாறியதா என்று கேட்காதீர்கள். நின்றது.

பையன் வந்தான், மே மாதம் பத்து நாளும். நாற்பது வாண்டுகள் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து டமடமவென்று அடித்ததை நானும் போய்ப் பார்த்தேன். காது இரண்டு நாள் வலித்தது. அவன் இன்றும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிற குடும்பத்துப் பையன்தான். அதை மாற்ற யாரும் முயலவில்லை.

அக்கா மகன் திரும்பிப் போனான். ஆனால், பழையபடி இல்லை. கேள்வியோடு போகிறான். 'இவ்ளோ நல்லவன் இவன். இவனுக்கு மோட்சத்துல இடம் இல்லைன்னு சொல்வீங்களா ஆன்ட்டி?' என்று கேட்டிருக்கிறான். 'எனக்குத் தெரியலடா. நீயும் கேளு, நானும் கேக்குறேன்' என்றாராம் அவர். எழுபது வயதில் 'தெரியலை' என்று சொல்ல எவ்வளவு விசுவாசம் வேண்டும்!

யோசித்துப் பார்த்தால், இயேசுவின் பிள்ளைப் பருவம் பற்றி லூக்கா தருவது ஒரே ஒரு சம்பவம். பன்னிரண்டு வயதில், பஸ்கா பண்டிகைக்குப் போன இடத்தில் பெற்றோரை விட்டுவிட்டு எருசலேம் ஆலயத்திலேயே தங்கிவிடுகிறார். மூன்று நாள் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். என்ன செய்துகொண்டிருந்தார்? பெரியவர்கள் நடுவே உட்கார்ந்து, கேட்டுக்கொண்டும் கேள்விகள் கேட்டுக்கொண்டும் இருந்தார். அந்தப் பெரியவர்களில் ஒருவர்கூட 'போடா, யாரு வீட்டுப் பிள்ளை நீ?' என்று விரட்டவில்லை. அவர்களுக்காக ஒரு கைதட்டு கொடுக்கலாம்.

இது சர்ச்சுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. உங்கள் கோயில், மசூதி, அபார்ட்மென்ட் பொங்கல் விழா, எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் பிள்ளை ஒரு சிநேகிதனை அழைத்து வருகிற நாள் வரும். அன்றைக்கு அவன் சிநேகிதனின் முகத்தைப் பார்க்க மாட்டான். உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். நீங்கள் கும்பிடுகிற சாமி எப்படிப்பட்டவர் என்று அந்த ஒரு நொடியில் முடிவு செய்துவிடுவான். அப்புறம் நீங்கள் எத்தனை வகுப்பு எடுத்தாலும் அது உபரிதான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சர்ச்சுகளில் அசனம் என்று ஒரு விழா உண்டு. பெரிய பெரிய அண்டாக்களில் சோறு, குழம்பு. ஊரே பந்தியில் உட்காரும். எல்லா மதமும், எல்லாத் தெருவும். சின்ன வயதில் அங்கே பரிமாறுகிற ஆச்சிகளைப் பார்த்திருக்கிறேன். முகம் தெரியாத பிள்ளைகள் வந்து உட்காரும். ஆச்சிகள் ஊர் கேட்டதில்லை, பெயரும் கேட்டதில்லை. வாளியோடு குனிந்து கேட்டது ஒன்றுதான்:

'இன்னும் கொஞ்சம் போடட்டா, ராசா?'