சென்சார் விளக்கு பாம்பைப் பார்க்குமா?

ஆள் நடந்தால் தானாக எரிந்து, ஆள் போனபின் தானாக அணையும் சுவர் விளக்கு இப்போது கிராமத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி விலை. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் இதுதான்: "தம்பி, பாம்பு வந்தா எரியுமா?"

"எரியும்யா. எது அசைஞ்சாலும் எரியும்" என்று கடைக்காரத் தம்பி சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது. ஆனால் அந்தப் பதில் சரியல்ல. அதை நம்பி, விளக்கு எரியவில்லை, அதனால் கொல்லையில் ஒன்றுமில்லை என்று வெறுங்காலோடு இறங்கினால் அங்கேதான் ஆபத்து.

திருச்சி, புத்தூர் நால்ரோட்டிலிருந்து வயலூர் ரோட்டில் போனால், கடைகளும் மாடி வீடுகளும் குறைந்து நெல் வயலும் வாழையும் தொடங்கும். உய்யக்கொண்டான் வாய்க்கால் பாயும் பூமி. தண்ணீர் இருக்கிற இடத்தில் தவளை இருக்கும், நெல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும், இரண்டும் இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரத்தான் செய்யும். அப்படிப்பட்ட ஒரு வாய்க்கால்கரை வீட்டை எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கம் தெருவிளக்கு வெளிச்சம் இருக்கிறது. கழிப்பறை, மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், விறகு எல்லாம் பின்பக்கம். விடியற்காலை நான்கு மணிக்குப் பால் கறக்க வீட்டம்மா எழுந்து போகிறார். ஒரு கையில் பால் கேன், இன்னொரு கையில் கன்றுக்குட்டிக் கயிறு. டார்ச் லைட்டை எந்தக் கையில் பிடிப்பது? ராத்திரியில் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போகும் மருமகளுக்கும் அதே கதைதான். சென்சார் விளக்கு இவர்களுக்காகத்தான்.

சென்சாருக்கு எது தெரியும்?

இந்த விளக்குகளில் அதிகம் இருப்பது பி.ஐ.ஆர். சென்சார். விளக்கின் அடியில் தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடி இருக்குமே, அதுதான். அதற்கு உருவம் தெரியாது. சூடு மட்டும்தான் தெரியும். மனிதர், மாடு, நாய், பூனை எல்லாம் உடல் சூடு உள்ள உயிர்கள். சுற்றியுள்ள தரையையும் சுவரையும் விடச் சூடான ஒன்று, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகரும்போது சென்சார் விளக்கைப் போடுகிறது.

பாம்பு அப்படியல்ல. அதன் உடல் சூடு, படுத்திருக்கிற தரையின் சூட்டை ஒட்டியே இருக்கும். அதனால் பாம்பு ஊர்ந்து போனாலும் பெரும்பாலும் சென்சாருக்குத் தெரியாது. படியோரம் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியன் தெரியவே தெரியாது.

சென்சார் பாம்பைப் பார்க்காது. அது ஆளைப் பார்த்து விளக்கைப் போடும். பாம்பைப் பார்க்க வேண்டியது நம் கண். எதை வாங்குவது, எங்கே மாட்டுவது என்ற எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் பதில் வரும்.

ராத்திரி முழுக்க எரிந்தால் என்ன?

மின்சாரம் மிச்சம் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். கணக்குப் போட்டால் மிச்சம் பெரிதல்ல. 10 வாட்ஸ் எல்.இ.டி. விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் 0.12 யூனிட். மாதத்துக்கு 3.6 யூனிட்தான். பணத்துக்காக மட்டும் என்றால் சாதாரண விளக்கே போதும்.

வேறு காரணம் இருக்கிறது. ராத்திரி முழுக்க எரியும் விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும். பூச்சியைத் தேடித் தவளையும் பல்லியும் வரும். தவளையைத் தேடி வருவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தேவைப்படும் ஒரு நிமிடம் மட்டும் எரியும் விளக்கில் இந்தக் கூட்டம் சேராது. வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும் என்பதால், 'வார்ம் ஒயிட்' என்று கேட்டு வாங்குவது நல்லது.

கொல்லையை ஒட்டிச் செவ்வந்தி போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. இரவு நீளும்போது பூக்கும் பயிர் அது. ராத்திரி முழுக்க வெளிச்சம் பட்டால் பூ தள்ளிப்போகும்.

எங்கே மாட்டுவது?

பணம் கொடுத்து நல்ல விளக்கு வாங்கி, தவறான இடத்தில் மாட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. மூலையில் உயரமாக மாட்டினால் கொல்லை முழுவதும் தெரியும் என்று நினைப்பார்கள். பின்வாசலைத் திறந்து, படியிறங்கி, ஐந்தாறு அடி இருட்டில் நடந்த பிறகுதான் அது எரியும். கால் வைக்கும் முன் எரிய வேண்டிய விளக்கு, கால் வைத்த பிறகு எரிந்து என்ன பயன்? கதவு திறந்து ஆள் வாசலில் நிற்கும்போதே சென்சாருக்குத் தெரிய வேண்டும். அதுதான் முதல் விதி.

இரண்டாவது, உயரம். ஏழு முதல் எட்டு அடி உயரம் சரியாக வரும். அதற்கு மேல் போனால் சென்சாரின் பார்வை தூரத்தில் விழுந்து, சுவரடி விட்டுப்போகும். விளக்கின் முகம் தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். நேராக எதிரே பார்த்தால் நடந்து வருகிறவர் கண் கூசும். கண் கூசினால் காலடி தெரியாது.

மூன்றாவது, திசை. சென்சாரை நோக்கி நேராக நடந்து வந்தால் அது தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும். குறுக்கே கடந்தால் உடனே கண்டுபிடிக்கும். அதனால் கழிப்பறைக்குப் போகும் பாதையின் முனையில் மாட்டுவதைவிட, பாதையின் பக்கவாட்டில் மாட்டுவது மேல். பாதை நீளம் என்றால் பின்வாசலில் ஒன்று, கொட்டகைப் பக்கம் ஒன்று என்று இரண்டு சிறிய விளக்குகள், ஒரு பெரிய விளக்கைவிட நன்றாக உதவும்.

கொட்டகையை நேராகப் பார்க்கும்படி மாட்டினால் மாடு தலையாட்டும் போதெல்லாம் விளக்கு எரியும். மாடும் தூங்காது, வீட்டாரும் தூங்க முடியாது. சென்சார் மூடியில் மாடு இருக்கிற பக்கத்தை மட்டும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி மறைத்தால் தொல்லை தீரும். ரோட்டைப் பார்க்கும் பக்கத்துக்கும் இதே வழிதான். வெயிலில் காய்ந்த வாழை இலை காற்றில் ஆடினாலும், அடுப்பங்கரைப் புகைக்கூண்டின் சூடு பட்டாலும் சென்சார் ஏமாறும். கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் எதுவுமே தெரியாது.

திருச்சிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வெயில். சித்திரை, வைகாசியில் பொழுது சாய்ந்த பிறகும் சுவரும் தரையும் அனலாக இருக்கும். மனிதத் தோலின் சூட்டுக்கும் சுற்றியுள்ள சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடுவதால், மார்கழியில் தூரத்திலேயே ஆளைக் கண்டுபிடித்த விளக்கு, கோடையில் கிட்டே வந்தால்தான் எரியும். விளக்கு கெட்டுவிட்டது என்று கழற்ற வேண்டாம். நடக்கும் பாதைக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தால் கோடையிலும் வேலை செய்யும்.

கடையில் பார்க்க வேண்டியது

வாட்ஸைவிட லூமன் கணக்குதான் முக்கியம். கொல்லைப் பாதைக்கு 700 முதல் 1,000 லூமன் போதும். நல்ல 10 வாட்ஸ் எல்.இ.டி. அதைத் தந்துவிடும். மழைச் சாரல் படும் சுவர் என்றால் 'ஐ.பி. 65' என்று போட்டிருக்க வேண்டும். தாழ்வாரத்துக்குள் என்றால் 'ஐ.பி. 44' போதும். பி.ஐ.எஸ். பதிவு எண்ணையும் பார்ப்பது நல்லது.

சோலார் விளக்கில்தான் ஏமாற்று அதிகம். அட்டையில் '100 வாட்ஸ்' என்று இருக்கும். உள்ளே 3.7 வோல்ட், 2,000 எம்.ஏ.ஹெச். பேட்டரி ஒன்றுதான் இருக்கும். அதில் அடங்குவது 7.4 வாட்-மணி. உண்மையிலேயே 100 வாட்ஸ் எரிந்தால் ஐந்து நிமிடத்துக்குள் பேட்டரி காலி. அட்டையில் இருப்பது விளம்பரம் மட்டுமே. பேட்டரியின் அளவையும், அதை மாற்ற முடியுமா என்பதையும் கேட்க வேண்டும்.

வயர் இழுக்க முடியாத மோட்டார் கொட்டகைக்கும், வயல் கேட்டுக்கும் சோலார் சரிதான். ஆனால், பேனல் மீது நாள் முழுக்க வெயில் பட வேண்டும். வேப்பமர நிழலிலோ வடக்குச் சுவரிலோ மாட்டினால் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் சார்ஜ் ஏறாமல் போகலாம். பின்வாசலுக்கு வீட்டு மின்சாரத்தில் எரியும் விளக்கே நம்பகம். மின்தடை அதிகமுள்ள ஊர் என்றால், கரன்ட் விளக்கு ஒன்று, சோலார் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

வயரிங் வேலை

இதை வயர்மேனிடம் விடுவதே நல்லது. அவர் செய்யும்போது வீட்டார் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மெயினை அணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். வெளிச்சுவர் வயர் பி.வி.சி. பைப்புக்குள் வர வேண்டும். தகரக் கூரை மீதோ, துணி காயப்போடும் கம்பி மீதோ படக் கூடாது. வயர் விளக்குக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட வேண்டும். அப்போதுதான் மழைநீர் வயர் வழியே உள்ளே போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும். விளக்குக்கும் சுவருக்கும் இடையே மேலேயும் பக்கத்திலும் சிலிகான் பூசி, கீழே மட்டும் திறந்துவிட வேண்டும். இரும்பு, அலுமினிய உடல் என்றால் எர்த் கட்டாயம். மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால், விளக்குக்கு முன் அதைப் போடுவதே முறை.

விளக்கின் அடியில் பெரும்பாலும் மூன்று திருகுகள் இருக்கும். எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எவ்வளவு இருட்டில் எரிய வேண்டும், எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதற்கானவை. முதலில் இருட்டுத் திருகைச் சூரியப் படத்துக்கும், நேரத்தைக் குறைந்த அளவுக்கும் வைத்து, பகலிலேயே நடந்து பார்க்க வேண்டும். மின்சாரம் கொடுத்தவுடன் அரை நிமிடம், ஒரு நிமிடம் சென்சார் நிதானத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். யார் யார் எப்படி நடப்பார்களோ, அவர்களையே நடக்கச் சொல்ல வேண்டும். மெதுவாக நடக்கும் பாட்டிக்கு எரிகிறதா என்பதுதான் சரியான சோதனை. பிறகு இருட்டுத் திருகை நிலாப் படத்துக்கும், நேரத்தை ஒன்று, இரண்டு நிமிடத்துக்கும் மாற்றினால் போதும். மாதம் ஒருமுறை மூடியில் படியும் தூசியையும் சிலந்தி வலையையும் துடைத்துவிட வேண்டும்.

விளக்கு மட்டும் போதாது

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலானவர்கள் கிராமத்து மக்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்ததும் இதனால்தான்.

விளக்கடியில் விறகையும் வைக்கோலையும் குவித்து வைத்தால் வெளிச்சத்தால் பயனில்லை. பாதையை நான்கடி அகலத்துக்குச் செதுக்கி, கட்டாந்தரையாக வைத்திருக்க வேண்டும். மாட்டுத் தீவனம் சிந்தினால் எலி வரும். செருப்பு போட வேண்டும். கட்டு விரியன் வீட்டுக்குள் வந்து, தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. அதைத் தடுப்பது வெளிவிளக்கு அல்ல. கட்டிலும், நன்றாகச் செருகிய கொசுவலையும்தான்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல், நடக்க விடாமல், 108-ஐக் கூப்பிட்டு, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். புத்தூர்ப் பக்கத்து மக்களுக்கு மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. அதைத் தேடி நேரத்தை வீணாக்கவும் கூடாது.

பின்வாசல் திறந்து, விளக்கு எரிந்ததும் உடனே இறங்கிவிடாமல், படியில் நின்று தரையை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, சொல்லிக் கொடுக்க வேண்டும். விளக்கு தன் வேலையைச் செய்துவிடும். குனிந்து பார்ப்பது வீட்டாரின் வேலை.