துருப்பிடித்த போல்ட் சொன்ன பாடம்



கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாட்களில்தான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். நாகப்பட்டினத்தில் என் மைத்துனரின் பழைய மரப்படகும் கரையேறியது. பேச்சுத்துணைக்குப் போன நான், சும்மா இருக்காமல் வேலையிலும் இறங்கிவிட்டேன்.

சுக்கானைத் தாங்கும் இரும்புப் பட்டையைக் கழற்ற வேண்டும். ஆறு போல்ட். முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதன் முனையில் ஒரு குழாயைச் செருகி, முழு பலத்தோடு இழுத்தேன். 'டக்' என்றது. கழன்றுவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால் போல்ட் முறிந்து, மிச்சம் மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. மரம் பிளந்தால் அந்தக் கட்டையையே மாற்ற வேண்டும். தடைக்காலம் முடியப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"சார், நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றார் படகு மேஸ்திரி. என் பத்தாம் வகுப்பு மாணவர். எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது.

கம்பி பிரஷால் துருவைச் சுரண்டினார். ஒவ்வொரு போல்ட்டின் இரு முனையிலும் டீசலை ஊற்றி, துணியைச் சுற்றி, இரண்டு நாள் ஊற விட்டார். வெல்டிங்காரரைக் கூப்பிட்டுச் சூடு காட்டலாமே என்றேன். "டீசல் ஊறின மரம் சார், பத்திக்கும்" என்றார்.

மூன்றாம் நாள், நட்டைச் சுற்றிலும் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். பிறகு ஸ்பேனரை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு திருப்பினார். அப்புறம்தான் கழற்றும் பக்கம். முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று போல்ட் வந்துவிட்டன. இரண்டு அசையவில்லை. அவற்றின் நட்டை ஆக்ஸா பிளேடால் அறுத்து எடுத்தார். நான் முறித்ததை, அதைவிட மெல்லிய கம்பியை முனையில் வைத்துத் தட்டித் தட்டி வெளியே தள்ளினார். மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்சைடு. அது உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். மரை இறுகுவது அதனால்தான். இதை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய நான், ஒரு போல்ட்டையும் கழற்றியதில்லை.

டீ குடிக்கும்போது அவரே சொன்னார். "துருப்பிடிக்க என்னென்ன வேணும்னு ஒரு நாள் கேட்டீங்க சார். தண்ணி, ஆக்ஸிஜன் ரெண்டும்னு எனக்குத் தெரியும். நீங்க போட்ட சத்தத்துல வாய் வரல. ஒரு வாரம் வெளியில நிக்க வச்சீங்க."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவருக்கு நாள் கணக்குகூட மறக்கவில்லை. "தப்புதாம்ப்பா, மன்னிச்சுக்கோ" என்றேன். "அட விடுங்க சார்" என்று கிளாஸை வாங்கிக் கழுவப் போய்விட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் இன்னும் யாரையெல்லாம் அப்படி நிற்க வைத்தேனோ, அவர்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

புது போல்ட் போடும்போது மரை முழுக்க கிரீஸ் தடவினார். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கத்தானே என்றேன்.

"அதுவும்தான் சார். அடுத்து கழட்டுறவன் கஷ்டப்படக் கூடாதுல்ல."

தடை முடிந்ததும் படகு கடலுக்குப் போய்விட்டது.