ஓகே சொன்னது யார்?

ராத்திரி ஒரு மணிக்கு கம்ப்யூட்டர் 'ஓகேவா?' என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

2003ல் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) இந்தப் பிரச்னை. கணக்குகளை தினம் ராத்திரி வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்கும் பழைய புரோகிராம். எடுத்து முடித்ததும் திரை நடுவில் ஒரு சின்ன ஜன்னல் வரும். 'முடிந்தது', கீழே ஓகே பட்டன். அதை அழுத்தினால்தான் அடுத்த வேலையான ரிப்போர்ட் அச்சாகும். இவ்வகை ஜன்னலுக்கு 'மோடல்' என்று பெயர். எல்லாரும் டிக்கெட் வாங்கும்வரை விசில் ஊதாத கண்டக்டர் மாதிரி. காலை ஒன்பதுக்கு அக்கவுண்ட்ஸ் பெண்மணி வந்து அழுத்துவார்.

"இதை நீங்களே மூடிட முடியாதா சார்?" என்றார் மேனேஜர்.

முடியும். விண்டோஸில் எல்லாமே கடிதப் போக்குவரத்துதான். 'ஃபைண்ட் விண்டோ'விடம் தலைப்பைச் சொன்னால் அந்த ஜன்னலின் விலாசம் கிடைக்கும். அந்த விலாசத்துக்கு 'டபிள்யூ.எம். குளோஸ்' என்று ஒரு தபால் போட்டால், மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தியது போல மூடிக்கொள்ளும். விஷுவல் பேசிக்கில் இருபது வரி. இரண்டு செகண்டுக்கு ஒரு தரம் எட்டிப்பார்க்க ஒரு டைமர். காபி கொடுத்துக் கை குலுக்கினார்கள்.

நாலு மாசம் கழித்து மெயின் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. நகலைத் திறந்தால் கடைசி பதினோரு நாள் இல்லை! என் இருபது வரியை நிறுத்திவிட்டு ஓட்டிப்பார்த்தேன். 'டிஸ்க்கில் இடமில்லை, நகல் எடுக்கவில்லை' என்று ஜன்னல் வந்தது. அதே தலைப்பு, அதே ஓகே. பாவம், பதினோரு ராத்திரியும் சொல்லியிருக்கிறது. நான் வாயைப் பொத்தியிருக்கிறேன். காலையில் ரிப்போர்ட் ஒழுங்காக அச்சாகியிருந்ததால் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

"யார் சார் இதுக்கு ஓகே சொன்னது?" என்றார் அந்தப் பெண்மணி. பதினோரு நாள் வவுச்சர்களை அவர்தான் மறுபடி அடிக்கவேண்டும்.

நான்தான். ஓகே மட்டும் உள்ள பெட்டியைப் பெருக்கல் குறியால் மூடினாலும் புரோகிராமுக்குப் போகும் பதில் 'ஓகே', அதாவது 1. கேன்சலும் இருந்தால் பதில் 'கேன்சல்', 2. 'யெஸ், நோ' மட்டும் கேட்கும் பெட்டியில் பெருக்கல் குறியே மங்கியிருக்கும். தபால் போட்டாலும் மூடாது. ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். விண்டோஸ் எழுதினவர்கள் யோசித்திருக்கிறார்கள், நான்தான் யோசிக்கவில்லை.

நாமே எழுதிய ஜன்னல் என்றால் சுலபம். டாட்நெட்டில் 'டயலாக் ரிசல்ட்' என்ற இடத்தில் பதிலை எழுதினால் தானே மூடிக்கொள்ளும். கவனியுங்கள், முதலில் பதில், அப்புறம்தான் மூடல். அடுத்தவர் ஜன்னலை மூடும்போது இந்த வரிசையை மறந்துவிடுகிறோம்.

அப்புறம் புரோகிராமைத் திருத்தினேன். தலைப்பை மட்டும் பார்க்காமல் உள்ளே எழுதியிருப்பதையும் படிக்கும். தேதி, நேரத்தோடு ஒரு ஃபைலில் குறித்துக்கொள்ளும். 'முடிந்தது' என்றிருந்தால் மட்டுமே மூடும். புதிதாக எது வந்தாலும் தொடாமல் விட்டுவிடும், காலையில் மனிதர்கள் வந்து பார்க்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்மணி தனியாக உட்கார்ந்து வவுச்சர் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் "ஸாரி மேடம்" என்றேன்.

நிமிர்ந்து பார்க்காமல் "ஓகே" என்றார். அதுவும் ஜன்னலை மூடச் சொன்ன ஓகேதான்.